பழைய ஷெஃபீல்டு மடக்குக்கத்திகள்: சேகரிப்பும் செப்பனிடலும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பழைய மடக்குக்கத்திக்குப் பெரும்பாலும் பூட்டு கிடையாது. திறந்த அலகையும் மூடிய அலகையும் பிடித்து நிறுத்துவது பிடியின் முதுகில் ஓடும் ஓர் எஃகுப் பட்டைதான். அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதியைச் சதுரமாக அராவியிருப்பார்கள். அந்தச் சதுரத்தின் ஒரு முகம் ஸ்பிரிங்கின் மேல் படியும்போது கத்தி திறந்து நிற்கும்; இன்னொரு முகம் படியும்போது மூடிக்கொள்ளும். இடையில் அலகைத் திருப்பினால் சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கை வெளியே தள்ளும். மூலை தாண்டியதும் ஸ்பிரிங் 'டக்' என்று இறங்கும். அந்த இழுப்பும் ஒலியும் இருக்கிற விதத்திலேயே, நூறு ஆண்டுப் பழைய கத்தி உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பழகிய சேகரிப்பாளர் கணித்துவிடுவார்.

மற்ற பாகங்களும் சிலவே. ஸ்பிரிங்கின் இருபுறமும் உள்தகடுகள். இவை பெரும்பாலும் பித்தளை. மிகப் பழையவற்றில் இரும்பு. தகட்டின் முனைகளில் இரும்பாலோ நிக்கல் சில்வராலோ ஆன பூண். நடுவில் கொம்பு, எலும்பு, மரம், முத்துச்சிப்பி என்று ஏதாவது ஒன்றால் ஆன பிடி. இவை எல்லாவற்றையும் குத்தி நிற்கும் சில ஆணிகள். திருகாணி ஒன்றுகூட இல்லை. ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டிப் பரப்பி, மேற்பரப்போடு சமமாக அராவி முடித்துவிட்டால் அந்தக் கத்தியைச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. செப்பனிடுகிறவர் எதுவரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகிறது.

இந்தத் தொழில் ஷெஃபீல்டில் வேரூன்ற நிலவமைப்பு உதவியது. டான், ஷீஃப், போர்ட்டர், ரிவெலின், லாக்ஸ்லி என்ற ஐந்து ஆறுகள் குன்றுகளிலிருந்து இறங்கி அங்கே சேர்கின்றன. அவற்றின் நீர்ச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. சாணைக்கு வேண்டிய சொரசொரப்பான மணற்கல்லும் அருகிலேயே கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையொன்றில் ஒரு மாவரைப்பவனிடம் ஷெஃபீல்டுக் கத்தியைக் கொடுத்திருக்கிறார். 1624-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. யார் எந்த முத்திரையைக் குத்தலாம் என்பதைப் பதிவு செய்து காத்தது இந்தச் சங்கம்தான். இன்றைய சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் தடயங்களில் பாதி அந்தப் பதிவுகளிலிருந்து வருகிறது.

எஃகின் தரத்தை உயர்த்தியவர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி. கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்பது அவர் குறை. 1740-களில், களிமண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையை அவர் கண்டுபிடித்தார். அதற்கு முன் எஃகில் ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் மென்மையாகவும் இருக்கும். மூசை எஃகில் அந்தக் குறை நீங்கியது. மெல்லியதாக அடித்தும் முறியாமல், நீண்ட நாள் கூர் தாங்கும் பேனாக்கத்தி அலகு அதற்குப் பிறகுதான் பரவலாகச் சாத்தியமானது. 19-ஆம் நூற்றாண்டு அலகுகள் சில, இன்றும் ஒரு கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுக்கும்.

ஒரு கத்தி பல கைகள் மாறித்தான் உருவாகும். ஒருவர் உலையில் அடித்து அலகைச் செய்வார், இன்னொருவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் ஸ்பிரிங்கும் பிடியும் பொருத்திக் கத்தியாக முடிப்பார். பெரிய நிறுவனத்தின் கூரைக்குக் கீழேயே தனித்தனி அறைகளை வாடகைக்கு எடுத்து, துண்டு வேலைக்குக் கூலி வாங்கியவர்கள் ஏராளம். 'லிட்டில் மெஸ்டர்' என்று ஊரார் அழைத்த இந்தத் தனித்தொழிலாளிகளின் பெயர்கள் கத்தியில் இருக்காது. நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். சாணை பிடித்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. கல்லிலிருந்தும் எஃகிலிருந்தும் பறந்த தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு, நடுவயதைக் காணாமலே பலர் இறந்தார்கள். அழகான பழைய அலகு ஒன்றைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அந்த உலகத்தின் கடைசி ஆட்களில் ஒருவர் ஸ்டான் ஷா. 14 வயதில் ஜார்ஜ் இபர்சன் நிறுவனத்தில் சேர்ந்தவர், 2021-ல் தம் 94-ஆவது வயதில் இறக்கும்வரை மடக்குக்கத்தியே வாழ்வாக இருந்தார். அலகு, ஸ்பிரிங், முத்துச்சிப்பிப் பிடி எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்து முடிக்கும் திறமை அவருக்கு இருந்தது. ஷெஃபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் அவருடைய பட்டறையை மக்கள் நின்று பார்த்தார்கள். அதே அருங்காட்சியகத்தில்தான் கென் ஹாலி என்ற கருவி வியாபாரி வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஷெஃபீல்டுக் கருவிகளும் கத்திகளும் இருக்கின்றன. முடிந்த கத்திகளோடு பாதி செய்த கத்திகளையும் அவர் சேர்த்துவைத்தார். ஒரு கத்தி படிப்படியாக எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நிறுவனங்களில் முதலில் சொல்ல வேண்டியது ஜோசஃப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த அவர்கள் முத்திரை 1764-ல் பதிவானது. 1822-ல் அரச அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஆண்டைக் குறிக்க 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, பின்வந்த ஆண்டுகளுக்கும் அலகு சேர்த்துக்கொண்டே போனார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அவர்கள் செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும் உண்டு. அது இன்று ஷெஃபீல்டுக் கத்தித் தொழிலாளர் மண்டபத்தில் இருக்கிறது. இவை விளம்பரப் பொருட்கள்தான். ஆனால் அத்தனை அலகுகளும் ஒன்றையொன்று உரசாமல் மடங்கும்படி பொருத்திய கைத்திறன் சாதாரணமானதல்ல.

இரண்டாவது பெயர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். 'ஐ எக்ஸ்எல்' என்ற அதன் முத்திரை அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. அந்தச் சந்தையை நம்பித் தன் தொழிற்சாலைக்கே 'வாஷிங்டன் ஒர்க்ஸ்' என்று பெயர் வைத்த நிறுவனம் அது. அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் ஷெஃபீல்டின் ஏற்றுமதியைக் கடுமையாக அடித்தது. பின்னாளில் இரு நிறுவனங்களும் இணைந்தன. ராட்ஜர்ஸ், வோஸ்டன்ஹோம் தவிர நூற்றுக்கணக்கான சிறு பெயர்கள் உண்டு. ஜெஃப்ரி ட்வீடேல் தொகுத்த ஷெஃபீல்டுக் கத்தி உற்பத்தியாளர் அகராதி இல்லாமல் அந்தக் காட்டுக்குள் நுழைவது வீண்.

கத்தியின் காலத்தை நிர்ணயிக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் அலகின் அடியில் குத்திய முத்திரை. ராட்ஜர்ஸ் கத்திகளில் நிறுவனப் பெயருக்கு மேல் ஒரு கிரீடமும் அதன் இருபுறமும் அரசர் பெயரின் எழுத்துகளும் இருக்கும். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டின் 1901 முதல் 1910 வரையிலான குறுகிய காலம். டபிள்யூ.ஆர். அரிது, நான்காம் வில்லியம் ஆண்டது 1830 முதல் 1837 வரை மட்டுமே. சிக்கல் ஜி.ஆர். எழுத்தில்தான். அது 1820-களுக்கும் பொருந்தும், 1910-க்குப் பிந்தைய ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக்கும் பொருந்தும். அப்போது மற்ற தடயங்கள் துணைக்கு வரும். மெக்கின்லி சட்டப்படி அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பதால், 1891-க்குப் பிறகு 'இங்கிலாந்து' என்ற சொல் முத்திரையில் சேர்ந்தது. ஆகவே அந்தச் சொல் இருந்தால் கத்தி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லாவிட்டால் எதுவும் நிச்சயமில்லை, உள்நாட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். 'ஸ்டெயின்லெஸ்' என்று குத்தியிருந்தால் கத்தி 1913-க்குப் பிந்தையது. ஹாரி பிரெர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியது அந்த ஆண்டில்தான்.

வெள்ளி அலகு கொண்ட பழக்கத்திகளுக்கு இத்தனை துப்பறிதல் தேவையில்லை. பழத்தின் புளிப்பு எஃகைக் கறுக்கவைத்து, சுவையையும் கெடுக்கும் என்பதால் அலகை வெள்ளியில் செய்தார்கள். வெள்ளி என்பதால் அரசுச் சோதனை முத்திரை கட்டாயம். 1773-ல் ஷெஃபீல்டில் சோதனை அலுவலகம் வந்த பிறகு, ஆண்டைக் குறிக்கும் எழுத்தோடு கிரீட முத்திரையும் குத்தப்பட்டது. எழுத்தின் வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் செய்த ஆண்டே கிடைத்துவிடும். சிறிய பணத்தில் சேகரிப்பைத் தொடங்குகிறவருக்கு இவை மிக நல்ல பள்ளிக்கூடம்.

அலகின் வடிவம் பயனைச் சொல்லும். இறகுப் பேனாவைச் சீவப் பிறந்தது சின்னஞ்சிறு பேனா அலகு. நேரான வெட்டுவாயும் வளைந்து இறங்கும் முதுகும் கொண்ட ஆட்டுக்கால் வடிவம், கூர்முனை எதையும் குத்திவிடக் கூடாத வேலைகளுக்கானது. மாலுமிகளும் மேய்ப்பர்களும் விரும்பியது. வார்ன்கிளிஃப் என்ற வடிவம் ராட்ஜர்ஸ் நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நீண்ட பூண் போட்ட பார்லோ கத்தி ஏழைத் தொழிலாளியின் சட்டைப்பைக்கானது. பிடியின் பலவீனமான இடத்தில் இரும்பைக் கூட்டி உறுதியாக்கிய நேர்மையான வடிவமைப்பு.

பிடிப் பொருட்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செப்பனிடுகிறவர்கள் அதிகம் கெடுப்பது இவற்றைத்தான். ஷெஃபீல்டு பெரிதும் விரும்பிய 'ஸ்டேக்' பிடிக்கான கொம்பு இந்தியாவிலிருந்து போனது. கடமான் தன் கொம்பை அவ்வப்போது உதிர்க்கும். காட்டில் பொறுக்கிய அந்தக் கொம்புகள் கப்பலேறின. கடமான் கொம்பின் வெளிப்பகுதி அடர்த்தியானது, உள்ளே துளைகள் நிறைந்த பகுதி குறைவு. அதனால் தகடாக அறுத்தாலும் உறுதியாக நிற்கும். 1998-ல் இந்தியா உதிர்ந்த கொம்புகளின் ஏற்றுமதியையும் தடை செய்தது. அதன்பின் பழைய கையிருப்பின் விலை ஏறியது. பலர் எலும்பைச் செதுக்கிச் சாயமேற்றிக் கொம்பு போலாக்கினார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் தெரியும். கொம்பின் பள்ளங்கள் ஒழுங்கற்றவை. செதுக்கிய எலும்பில் உளியின் தாளம் தெரிந்துவிடும்.

யானைத் தந்தம் தனி விஷயம். ராட்ஜர்ஸின் தந்தக் கிடங்கு ஒரு காலத்தில் பார்வையாளர்களுக்குக் காட்டும் பெருமை. இன்று அது வருத்தத்தோடு படிக்க வேண்டிய வரலாறு. பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, தந்தம் உள்ள பொருளை விற்பது பெரும்பாலும் குற்றம். 1947-க்கு முந்தையதும் கனஅளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் கொண்டதுமான பொருட்களைப் பதிவு செய்து விற்கலாம் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு; ஆனால் தந்தப்பிடி போட்ட சிறு கத்தி அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. தந்தமும் ஆமை ஓடும் மான்கொம்பும் கொண்ட கத்திகளைச் சட்டம் தெரியாமல் வாங்கவோ வரவழைக்கவோ கூடாது. எலும்பு, கருங்காலி, எருமைக் கொம்பு, முத்துச்சிப்பி என்று எடுத்துக்கொண்டாலே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான கத்திகள் இருக்கின்றன.

வாங்கும்போது முதல் கேள்வி, அலகு அதன் பழைய அளவில் இருக்கிறதா என்பது. பலமுறை சாணை பிடித்த அலகு குறுகிப்போயிருக்கும். மூடினால் பிடிக்குள் ஆழத்தில் புதைந்து கிடக்கும், அல்லது முனை வெளியே நீட்டும். இரண்டாவது கேள்வி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் உள்தகடுகளோடு சமமாக நிற்கிறதா என்பது. நல்ல தொழிலாளி இரண்டு நிலையிலும் விரல் நகம் தடுக்காதபடி அராவியிருப்பான். மூன்றாவது, இரண்டு அலகு இருந்தால் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்பது. ஒன்று மட்டும் பளபளப்பாகவும் முழு அளவிலும் இருந்தால், வேறொரு கத்தியிலிருந்து எடுத்துப் பொருத்தியதாக இருக்கலாம். பூணில் புதிய ஆணித்தலை தெரிந்தால் ஐயம் வலுக்கிறது. புகழ்பெற்ற முத்திரைகளைப் போலியாகக் குத்துவதும் பழைய வழக்கம். போட்டியாளர்கள் ஷெஃபீல்டுப் பெயரைத் திருடியது 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரும் புகாராகி, 1887-ல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் போனது. உண்மையான முத்திரை எஃகு பழுக்கக் காய்ந்திருக்கும்போது குத்தப்பட்டது. அதன் ஓரங்கள் மென்மையாக அமிழ்ந்திருக்கும். பிற்காலத்தில் குளிர்ந்த எஃகில் செதுக்கியது கூர்மையாகவும் மேலோட்டமாகவும் நிற்கும்.

செப்பனிடலில் முதல் வேலை, எதையும் தொடாமல் படம் எடுத்துவைப்பது. அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கைக்கு அருகில் இருக்கும், ஆனால் தாவர எண்ணெய்கள் நாளடைவில் பிசினாக இறுகி மூட்டையே அடைத்துவிடும். நிறமற்ற மினரல் எண்ணெய் தேவை. தையல் மெஷின் எண்ணெய் போதும். அதை ஊசிமுனையால் அலகு சுழலும் ஆணியின் மேல் மட்டும் சொட்டுவிட வேண்டும். கத்தியை அப்படியே எண்ணெய்க் கிண்ணத்தில் போடுவது தவறு; எலும்பும் கொம்பும் எண்ணெயைக் குடித்து நிறம் மாறும். ஓரிரு நாள் விட்டுவைத்தால் உள்ளே இறுகிய துருவும் அழுக்கும் இளகும். அப்போதும் அலகு அசையாவிட்டால் குறடு கொண்டு இழுக்கக் கூடாது. அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம் உடைந்துவிடும், ஸ்பிரிங்கும் முறியலாம். மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. அலகைத் தோல் துண்டால் பிடித்து, ஒவ்வொரு முறையும் மயிரளவு நகர்த்தினால் பெரும்பாலானவை திறந்துகொள்ளும். திறந்த பிறகு பல்குத்தும் குச்சியால் உள்ளே சேர்ந்த பஞ்சையும் தூசியையும் எடுத்துவிட வேண்டும். ஈரத்தைப் பிடித்துவைப்பது அதுதான்.

துருவில் இரண்டு வகை உண்டு என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். செம்பழுப்பாக, தொட்டால் பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அது எஃகைத் தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் அல்லது கருநீல நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருப்பது பழுத்த மேற்பூச்சு. அது எஃகைக் காப்பது, கத்தியின் வயதுக்குச் சாட்சி. முதலாவதை எடுக்க வேண்டும், இரண்டாவதை விட வேண்டும். மிக நுண்ணிய எஃகு நாரை எண்ணெயில் நனைத்து, சாணைக் கோடுகள் ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தால் செந்துரு போய்விடும். தனித் துருப்புள்ளியைப் பித்தளைத் துண்டின் ஓரத்தால் சுரண்டலாம்; பித்தளை எஃகைவிட மென்மை, கீறாது. துரு தின்ற குழிகள் நிற்கத்தான் செய்யும். குழி மறையும்வரை உப்புத்தாளால் தேய்ப்பவர், குழியோடு அலகின் தடிமனையும் முத்திரையையும் சேர்த்தே அழிக்கிறார்.

மின்சாரப் பஃப் சக்கரம் பழைய கத்திகளுக்கு எமன். முத்திரையின் ஓரங்களை மழுக்கும், பூணின் கூரான விளிம்புகளை உருட்டிவிடும், அலகில் அமிலத்தால் பொறித்த மெல்லிய எழுத்துகளை ஒரு நொடியில் துடைத்துவிடும். சூடு இன்னொரு ஆபத்து. கார்பன் எஃகின் பதம் சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைந்தது. சக்கரத்தில் அலகு நீலம் பாரித்தால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது. வினிகரில் ஊறவைப்பது, மின்பகுப்பு முதலிய முறைகள் தனி இரும்புத் துண்டுகளுக்கு நல்லவை. பிரிக்க முடியாத கத்தியில் அமிலம் மூட்டுக்குள் தங்கிவிடும். முத்துச்சிப்பிப் பிடியை வினிகர் நேரடியாகவே கரைக்கும், அது சுண்ணாம்புப் பொருள்தானே.

அலகு பக்கவாட்டில் ஆடினால், கத்தியைச் சிறு பட்டடைமேல் வைத்துப் பூணின் மேல் தெரியும் ஆணித்தலையைச் சிறிய சுத்தியலால் லேசாகத் தட்டி இறுக்கலாம். இரண்டு தட்டு, பிறகு சோதனை, மறுபடி ஒரு தட்டு. ஆணி பூணுக்குள் மறைந்திருந்தால் இந்த வேலை தழும்பு விடும். சிறிய ஆட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது மேல். கழன்ற பிடியை ஒட்ட எபாக்சி எளிது, ஆனால் பிறகு அகற்ற முடியாது. அருங்காட்சியகங்களில் பயன்படும் பாரலாய்டு பி-72 பசையை அசிட்டோனில் கரைத்து நீக்க முடியும் என்பதால் அது சிறந்தது. செல்லுலாய்டு பிடிக்கு மட்டும் அது ஆகாது, அசிட்டோன் செல்லுலாய்டையே கரைத்துவிடும்.

முறிந்த ஸ்பிரிங் கடைசிக் கேள்வி. மாற்ற வேண்டுமானால் ஆணிகளைத் துளையிட்டு எடுத்து, கத்தியை முழுவதும் பிரித்து, அதே தடிமனில் புதிய ஸ்பிரிங் அராவிப் பதம் வைத்து, புதிய ஆணி அடிக்க வேண்டும். பெயர் அழிந்த, மலிவான கத்திகளில் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. கைக்கு வரும் அறிவு வேறு எங்கும் கிடைக்காது. முத்திரை தெளிவாக உள்ள ராட்ஜர்ஸையோ வோஸ்டன்ஹோமையோ முறிந்த ஸ்பிரிங்கோடு அப்படியே வைத்திருப்பதே சரி. பிரித்துப் பொருத்திய கத்தி வேலை செய்யும், ஆனால் விக்டோரியா காலத்துத் தொழிலாளி கடைசியாகத் தட்டிய ஆணி அதில் இருக்காது. அப்படிப் பிரித்துச் செய்திருந்தால், விற்கும்போது அதைச் சொல்லிவிடுவது கடமை.

பாதுகாப்பில் முக்கிய எதிரி தோலுறை. பதப்படுத்திய தோலில் உள்ள அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து எஃகைத் துருப்பிடிக்கவும் பித்தளையைப் பச்சைக் களிம்பு கட்டவும் செய்யும். உறையும் கத்தியும் ஒரே காலத்தவையாக இருந்தாலும் தனித்தனியே வைக்க வேண்டும். கொம்புப் பிடியைத் தின்னும் வண்டுகளும் உண்டு. அவற்றின் புழுக்கள் விட்ட துளைகள் சிறு அம்மைத் தழும்புகள் போல் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த செல்லுலாய்டு பிடிகளைத் தனிப்பெட்டியில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். அது சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும்; பிடிக்கு அருகிலுள்ள அலகில் மட்டும் காரணமில்லாமல் துரு திரள்வது அதன் முதல் அறிகுறி. பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் அந்த வாயு கெடுக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். மற்றவற்றுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகை மெல்லப் பூசி, சிலிக்கா ஜெல் பையோடு இழுப்பறையில் வைத்தால் போதும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரமும் உப்புக்காற்றும் அதிகம் என்பதால், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது எடுத்துத் துடைத்து, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கைரேகை படாமல் துணியால் பிடித்துத் திரும்ப வைக்க வேண்டும்.